மூடிய பிராக்கெட்டில் கை வைக்காதே

எங்கள் பாலிடெக்னிக்கின் கம்ப்யூட்டர் துறை இந்த வருஷம் ஒரு மலர் கொண்டுவருகிறது. அதற்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று நிஷா போன் செய்தாள். நிஷா என்னிடம் படித்தவள். இப்போது அதே துறையில் லெக்சரர்.

"நீங்க எங்களுக்கு பிராக்கெட் மூடச் சொல்லிக் குடுத்தீங்கள்ல சார், அத எழுதுங்க. மத்த காலேஜ்ல இப்ப பிள்ளைங்களுக்கு அந்தக் கவலையே இல்ல. எல்லாத்தையும் எடிட்டரே மூடிருது" என்றாள்.

சரிம்மா என்று சொல்லிவிட்டேன். வேறு யாராவது கேட்டிருந்தால் ஒரே மூச்சில் நாலு பக்கம் பெருமை பேசி அனுப்பியிருப்பேன். ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு அதை விட்டால் வேறு என்ன வேலை. கேட்டது நிஷாவாகப் போய்விட்டது. அதனால் லேப்டாப்பைத் திறப்பதும் மூடுவதுமாக நாளை ஓட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி பார்த்துவிட்டு, "வீட்ல ஒரு சம்படத்த ஒழுங்கா மூடத் தெரியாது. ஊருக்கெல்லாம் மூடச் சொல்லிக் குடுத்தாராம்" என்றாள். அவள் சொன்னது வெறும் டப்பாக்களைப் பற்றித்தான். எனக்குத்தான் சுருக்கென்றது.

கம்ப்யூட்டர் பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. புரோகிராம் எழுதும்போது ஒரு பிராக்கெட்டைத் திறந்தால் அதை மூடியாக வேண்டும். கோட்ஸ் என்று நாங்கள் சொல்லும் மேற்கோள் குறியும் அப்படியே. எங்கோ ஒன்று விட்டுப்போனால் மொத்த புரோகிராமும் ஓடாது. மெஷின் எங்கேயோ ஒரு வரியைக் காட்டித் தப்பு என்று சொல்லும், தப்பு வேறெங்கோ இருக்கும். புரோகிராமை அடிக்க இன்றைக்கு இருக்கும் எடிட்டர்களில் திறக்கும் பிராக்கெட்டை அடித்த மாத்திரத்தில் மூடும் பிராக்கெட்டும் பக்கத்தில் வந்துவிடுகிறது. நாங்கள் கற்றுக்கொண்ட காலத்தில் திறந்தவர்தான் மூட வேண்டும்.

எனக்கு அதைப் பழக்கியவர் வைரவன் சார். நான் சேர்ந்தபோது அவர்தான் துறைத்தலைவர். டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு அதன் பிறகு கம்ப்யூட்டருக்கு வந்தவர். அதனால் கண் தாளில் இருக்க வேண்டும், கை கீபோர்டில் இருக்க வேண்டும், திரையைப் பார்த்து அடிக்கிறவன் திருடன் என்பது அவர் கட்சி. குரலை உயர்த்தவே மாட்டார். வெள்ளைக் கைக்குட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பையன்களின் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். அவர் வந்தது பவுடர் வாசனையில்தான் தெரியும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மோதிரத்தால் மானிட்டரின் ஓரத்தில் மெல்லத் தட்டி, "மூடியாச்சா தம்பி?" என்பார். அவ்வளவுதான். அடித்துக்கொண்டிருந்தவனுக்கு வியர்த்துவிடும்.

அவருடைய முறை இது. புரோகிராமை முதலில் தாளில் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் பென்சிலால் ஒவ்வொரு திறப்பிலிருந்தும் அதன் மூடலுக்கு இடது ஓரமாக ஒரு வளைவு போட வேண்டும். ஒரு வளைவு இன்னொன்றை வெட்டக் கூடாது. வெட்டினால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். வளைவு சரியாக வந்தவனுக்குத்தான் மெஷின். அடிக்கும்போதும் உள்ளே உள்ளதை எழுதி முடித்துவிட்டுத் தன் கையால் மூட வேண்டும்.

இதற்கு மேல் அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. மூடிய பிராக்கெட்டில் கை வைக்கக் கூடாது. தப்பு வந்தால் பையன்கள் கீழே கிடக்கும் மூடல்களை ஒவ்வொன்றாக அழித்துப் பார்ப்பார்கள். எண்ணிக்கை எப்படியோ பொருந்தி புரோகிராம் ஓடிவிடும், விடை மட்டும் கன்னாபின்னா என்று வரும். அந்தக் கெட்ட பழக்கத்தை ஒழிக்கத்தான் அவர் அந்தச் சட்டம் போட்டார். "மூடுனதுல கை வைக்காதீங்க தம்பி. மூடல் கூடுதலா தெரிஞ்சா திறப்பு ஒண்ணு விட்டுப்போச்சுன்னு அர்த்தம். மேல தேடுங்க" என்பார். அந்தக் காலத்துக்கு அது சரிதான். மூடல் தானாக வந்து விழாத காலம் அது.

அவர் ஓய்வு பெற்றதும் சட்டம் என் கைக்கு வந்தது. அவருடைய பொறுமை வரவில்லை. அவர் தட்டிய இடத்தில் நான் கத்தினேன். வளைவு வெட்டிய தாளை அவர் திருப்பிக் கொடுத்தார், நான் எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டினேன். பிள்ளைகள் எனக்கு பிராக்கெட் சார் என்று பேர் வைத்தார்கள். விராலிமலைத் தேரில் கூட்டத்துக்கு நடுவே எங்கேயோ இருந்து "மூடியாச்சா?" என்று ஒரு குரல் வரும். திரும்பிப் பார்த்தால் எவனும் இருக்க மாட்டான். கோபப்படுவதுபோல் காட்டிக்கொள்வேன். உள்ளுக்குள் இனிக்கும். ஒரு மனிதனுக்கு ஊரில் ஒரு அடையாளம் வேண்டும் அல்லவா, எனக்கு அது பிராக்கெட்.

நிஷா அந்த நாட்களில் வந்து சேர்ந்தவள். ஊர் மீமிசல். அவள் அத்தா மீனை ஏலம் எடுத்து வெளியூருக்கு அனுப்புகிறவர். ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். நான் சொன்னதைச் சொன்னபடி செய்யும் பிள்ளைகள் நாலைந்து பேர் எப்போதும் இருப்பார்கள். அவர்களில் முதல் ஆள் அவள். அவள் போடும் வளைவுகள் அளவெடுத்துப் போட்டவையோ என்று நினைக்கத் தோன்றும். கீபோர்டில் கை ஓடும்போது கண் ஒரு தடவைகூடத் திரைக்குப் போகாது. வைரவன் சார் பார்த்திருந்தால் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியிருப்பார். நானோ அவளை மற்றவர்களுக்கு முன்னால் காட்டிக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அவள் கடைசி வருஷம் வந்தபோது பழைய நீலத்திரை எடிட்டர் ஓடாத புது மெஷின்கள் லேபுக்கு வந்தன. கூடவே புது எடிட்டரும் வந்தது. முதல் நாள் நான் தனியாக உட்கார்ந்து ஒரு பிராக்கெட்டைத் திறந்தேன். மூடல் பக்கத்தில் வந்து நின்றது. கோட்ஸ் போட்டேன், அதற்கும் ஜோடி வந்தது. நான் பேச வாயெடுக்கும்போது பக்கத்தில் இருப்பவன் முந்திக்கொண்டு பேசியதுபோல இருந்தது. எனக்கு வந்த எரிச்சலை இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. செட்டிங்கைத் தேடிப் பிடித்தேன். அதை அணைத்தேன். பிறகு ஒவ்வொரு மெஷினாக உட்கார்ந்து எல்லாவற்றிலும் அணைத்தேன். பிள்ளைகளிடம் அப்படி ஒன்று இருப்பதையே சொல்லவில்லை. தெரிந்தால் சோம்பேறியாகிவிடுவார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். மெஷினே மூடிவிட்டால் பிராக்கெட் சாருக்கு என்ன மரியாதை என்பதுதான் உள்ளே இருந்த பயம்.

அந்த வருஷம் போர்டு பிராக்டிகல் நேரத்தில் எங்கள் லேபின் யூ.பி.எஸ். படுத்துவிட்டது. திருச்சி ரோட்டில் இருந்த இன்னொரு பாலிடெக்னிக்கை எங்களுக்கு சென்டராகப் போட்டார்கள். காலேஜ் பஸ்ஸில் பிள்ளைகளை நான்தான் கூட்டிப் போனேன். நிஷா ஜன்னலோரம் உட்கார்ந்து ஓதிக்கொண்டு வந்தாள். திருச்சியில் ஒரு கம்பெனி அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. எல்லாப் பேப்பரும் ஒரே தடவையில் பாஸ் ஆகியிருக்க வேண்டும், ஒரு அரியர்கூட இருக்கக் கூடாது என்பது அவர்கள் கண்டிஷன். மிச்சம் இருந்தது இந்த பிராக்டிகல் மட்டும்தான். "ஒனக்கென்னம்மா, கண்ண மூடிக்கிட்டு அடிச்சிட்டு வந்துருவ" என்று இறங்கும்போது சொன்னேன்.

கூட வந்த ஆசிரியர்கள் உள்ளே போகக் கூடாது. வராண்டாவில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் எங்கள் வகுப்பின் சேட்டைக்காரப் பையன்கள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். என்னிடம் தினமும் திட்டு வாங்குகிற கோஷ்டி. "முடிச்சிட்டோம் சார், சப்பையா இருந்துச்சு" என்றான் ஒருவன். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நிஷாவும் அவளைப் போன்றவர்களும் இன்னும் உள்ளேயே இருந்தார்கள்.

எக்ஸ்டர்னலாகத் தேர்வு நடத்த வந்திருந்த அம்மா வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். நிதானமான மனுஷி.

"சார், ஒங்க நல்ல பிள்ளைங்க அத்தன பேருக்கும் ஒரே எடத்துல நிக்குது. இங்கிட்டு வந்து பாருங்களேன்" என்றார்.

வாசலில் நின்றே பார்த்தேன். பார்த்ததும் புரிந்துவிட்டது. அந்த லேபில் எடிட்டரை வந்தபடி வைத்திருந்தார்கள். ஃப்ளவர் பிராக்கெட்டைத் திறந்து என்டர் தட்டியதும் மூடல் கீழே வந்து உட்கார்ந்திருக்கிறது. என் பிள்ளைகளின் கண் தாளில் இருந்தது. உள்ளே எழுத வேண்டியதை எழுதி முடித்துப் பழக்கப்படி தங்கள் கையாலும் மூடியிருக்கிறார்கள். தானாக வந்ததெல்லாம் கீழே நகர்ந்து நகர்ந்து கடைசி வரியில் குவிந்து கிடந்தது. புரோகிராமில் வேறு ஒரு குறையும் இல்லை. அதிகமாகக் கிடந்ததை அழித்தால் ஓடிவிடும். பிரவுசிங் சென்டரில் இதே எடிட்டரில் விளையாடிப் பழகிய பயல்கள் சிரமமில்லாமல் தாண்டிப் போய்விட்டார்கள். நான் சொன்னதைக் கேட்ட பிள்ளைகள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

"ஒங்க லேப்ல இது ஆஃப்ல இருந்துச்சா சார்?" என்று அந்த அம்மா கேட்டார். குற்றம் சொல்லும் குரலே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"தெரியல மேடம். செட்டிங்கெல்லாம் லேப் அசிஸ்டன்ட் பாக்குறது" என்றேன்.

வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்பது இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. எங்கள் லேப் அசிஸ்டன்ட் அந்த எடிட்டரைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

அவர் தலையாட்டிவிட்டு உள்ளே திரும்பிப் பொதுவாகச் சொன்னார். "இது எடிட்டர் போட்ட பிராக்கெட்டும்மா. ஒங்க தப்பில்ல. கடைசியில அதிகமா இருக்கிறத அழிச்சிட்டு ஓட்டிப் பாருங்க." சென்டரின் மெஷினால் வந்த சிக்கல் என்பதால் இதைச் சொல்வதில் தவறில்லை என்று என்னிடமும் சொன்னார். நியாயமானவர்.

ஒவ்வொருவராக அழித்தார்கள். திரைகளில் விடை வர ஆரம்பித்தது. நிஷா மட்டும் அழிக்கவில்லை. அழிக்கும் பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு திரும்பி வாசலைப் பார்த்தாள். வாசலில் நான் நின்றேன்.

மூடியதில் கை வைக்காதே என்று அவளுக்குச் சொன்னவன் நான். வை என்று சொல்ல வேண்டியவனும் நான்தான் என்று அவள் நினைத்திருக்கிறாள். ஒரு தலையசைப்பு போதும். ஆனால் எக்ஸ்டர்னல் என் பக்கத்தில் நின்றார். நான் தலையை ஆட்டினால் அவள் எதற்காக என்னைப் பார்த்தாள் என்று அவர் கேட்பார். சட்டம் யாருடையது என்பது வரும். செட்டிங் யாருடையது என்பதும் வரும். வராண்டாச் சுவரில் ஒரு தீயணைப்பு சிலிண்டர் மாட்டியிருந்தது. நான் அதன் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அதில் ஒட்டியிருந்த சீட்டை அக்கறையாகப் படித்தேன். என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் தெரியாது.

திரும்பிப் பார்த்தபோது அவள் வேலையில் இறங்கியிருந்தாள். மூடல் அதிகமாக இருந்தால் மேலே திறப்பு விட்டுப்போயிருக்கிறது. அதுதானே பாடம். மேலே போய் இரண்டு இடத்தில் புதிதாகத் திறப்பைப் போட்டாள். கணக்குப் பொருந்திவிட்டது, புரோகிராம் ஓடியது. பத்து எண்களைக் கூட்டி முடித்துவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு தடவை காட்ட வேண்டிய சராசரி, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு தடவை திரை முழுக்க வந்து விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நேரம் முடிந்துவிட்டது. அந்தப் பதற்றத்தோடு வாய்மொழிக் கேள்விக்குப் போய், தெரிந்ததையும் உளறியிருக்கிறாள்.

பஸ்ஸில் என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து, "நான்தான் சார் எங்கயோ தப்பா அடிச்சிட்டேன்" என்றாள். "பரவால்லம்மா" என்றேன். பெரிய மனசோடு மன்னித்தேன்.

ரிசல்ட்டில் அந்த ஒரு பேப்பர் போயிருந்தது. வேலையும் போயிற்று. அவள் அத்தா மீமிசலில் இருந்து பஸ் பிடித்து வந்து ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றார். கையில் ஒரு பை நிறைய இறால். "எம்புள்ள ஒங்க பேரக் கெடுத்துருச்சு சார். ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க" என்றார். நான் அவரை உட்காரச் சொன்னேன், டீ வாங்கிக் கொடுத்தேன், உண்மையை மட்டும் சொல்லவில்லை. இறாலை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவி தொக்கு வைத்தாள். சாப்பிட்டேன். வெட்கக்கேடு, ருசியாகவும் இருந்தது.

அடுத்த தடவை எழுதி அவள் பாஸ் செய்தாள். பிரின்ஸிபாலிடம் பேசி அவளை எங்கள் லேபிலேயே வேலைக்கு வைத்தேன். வேலை பார்த்துக்கொண்டே மேலே படித்து லெக்சரரும் ஆகிவிட்டாள். அந்த நல்ல பேரும் எனக்கே வந்தது. ஒரு ஏழைப் பிள்ளையைத் தூக்கிவிட்டார் என்று என் ஓய்வு விழாவில் மைக்கில் சொன்னார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து அவள் கை தட்டினாள். நான் மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

இதுவரைக்கும் எழுதி வைத்திருந்தேன். மலருக்கு நேரமாகிறது என்று போன ஞாயிற்றுக்கிழமை அவளே வீட்டுக்கு வந்துவிட்டாள். அனுப்புவதா அழிப்பதா என்று முடிவு செய்யாமல் இருந்த எனக்கு வேறு வழியில்லை. லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு எழுந்துபோய் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த வயசிலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் வருகிறது. மனைவி கொண்டுவந்து வைத்த காபி ஆறிப்போனது.

அவள் படித்து முடித்துவிட்டாள் என்பது தெரிந்தது. திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

"நீங்க அந்த சிலிண்டரப் பாத்தது எனக்கு ஞாபகம் இருக்கு சார்" என்றாள். "அழிக்கலாமான்னு நெனச்சதுக்கே ஒங்களுக்குக் கோவம் வந்துருச்சுன்னு நெனச்சேன். அதான் மேல தேடப் போயிட்டேன்."

நான் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தேன். மன்னிச்சுக்கோம்மா என்றேன். அவள் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. கீபோர்டைப் பார்த்தபடி இருந்தாள்.

"சார், இப்ப எங்க லேப்லயும் அது ஆஃப்லதான் இருக்கு. லேப்ல வேலைக்குச் சேந்தப்ப நீங்க வச்சிருந்ததப் பாத்துட்டு, நான்தான் ஒவ்வொரு மெஷினா ஆஃப் பண்ணி வச்சேன்."

"பிள்ளைங்களுக்குத் தெரியுமா?"

"சொல்லல சார். நீங்க சொல்ல மாட்டீங்கள்ல, அதான்" என்றாள். "அடுத்த வாரம் பிராக்டிகல். சென்டர் வேற காலேஜ்."

அவள் சாதாரணமாகச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால், இத்தனை பக்கம் எழுதிக் கிழித்தது ஒன்றுமே இல்லை என்று பட்டது. நான் செய்ததை நான் மட்டும் செய்து முடித்திருந்தால்கூடத் தேவலாம். அதை ஒரு நல்ல பழக்கம் என்று நம்பி அவள் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். இந்த வருஷமும் சொன்ன பேச்சைக் கேட்கிற நாலைந்து பிள்ளைகள் அந்த லேபில் இருப்பார்கள்.

"நாளைக்குப் போயி எல்லாத்துலயும் ஆன் பண்ணி, பிள்ளைங்ககிட்டயும் சொல்லிரவா சார்?" என்று கேட்டாள்.

கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கு இப்போது வயசு கூடியிருக்கிறது, கண்ணாடி போட்டிருக்கிறாள், ஒரு லேபே அவள் சொல்படி நடக்கிறது. ஆனாலும் அதே பார்வை. நான் தலையை ஆட்டினேன். அவள் சரி சார் என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அன்றைக்கும் அவள் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்.